காற்றுக்கு ஒரு வழி

தண்ணீர் ஓடுகிற குழாயில் மூன்று விதச் சத்தம் உண்டு. விடாமல் களகளவென்று கேட்பது ஒன்று. கொஞ்ச நேரம் அடங்கியிருந்து, ‘குளுக்’ என்று ஒரு மிடறு விழுங்கிவிட்டு மறுபடி அடங்குவது இன்னொன்று. மூன்றாவது, பம்பின் அதிர்வு குழாய் வழியாகச் சுவருக்கும் பலகைக்கும் ஏறி, எங்கிருந்து வருகிறதென்று தெரியாமல் அறை முழுக்க உறுமுவது. டிக்கோயாவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வீட்டில் இந்த மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்திருந்தன. அவருடைய கடல்மீன் தொட்டியில்.

அவர் திருகோணமலையில் பல வருடம் படிப்பித்துவிட்டு ஊர் திரும்பியவர். கடலை விட்டு வந்தாலும் மீனை விட மனம் வரவில்லை. நாலடித் தொட்டி. அதற்குக் கீழே அலுமாரிக்குள் இன்னொரு சிறிய தொட்டி; வளர்ப்பவர்கள் அதைச் சம்ப் என்பார்கள். மேல்தொட்டியின் மூலையில் கண்ணாடித் தடுப்பு வைத்து ஒரு சின்ன அறை. தண்ணீர் அந்தத் தடுப்பைத் தாண்டி வழிந்து, அறைக்குள் நிற்கும் குழாய் வழியே கீழே இறங்கும். ஹீட்டரும், அழுக்கை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மரும், பம்பும் கீழ்த்தொட்டியில். பம்பு தண்ணீரை மறுபடி மேலே ஏற்றும். கொழும்பில் கடல்தொட்டி வைப்பவர்களுக்குத் தண்ணீர் சூடாகிவிடுமே என்ற கவலை. எங்கள் பக்கத்து மார்கழி இரவுகளில் அதை 25 பாகைச் சூட்டில் வைத்திருப்பதே பெரிய வேலை.

பக்கத்து அறையில் அவருடைய மனைவி. ஒரு சத்திரசிகிச்சைக்குப் பிறகு அந்த அம்மாவுக்குத் தூக்கமே சரியில்லை. “அவவுக்காக ராத்திரிக்குப் பம்ப நிப்பாட்டிர்றேன் தம்பி. விடிஞ்சு பார்த்தா மீனெல்லாம் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுது” என்றார் சேர். அவருக்கு மீனும் வேண்டும், வீட்டுக்காரம்மாவின் தூக்கமும் வேண்டும். அவரிடம் இருந்ததோ ஒரு சுவிட்ச் மட்டும்.

நான் தொழில் பழகியது தோட்டத்துத் தண்ணி லைனில். என் மாமா தோட்டத்தில் பைப் வேலை பார்த்தவர். பொகவந்தலாவைப் பக்கம் மலை உச்சியில் ஓர் ஊற்று, அதைக் கட்டிய தாங்கி, அங்கிருந்து தேயிலை மலைக்குள் ஏறி இறங்கி லயத்துப் பீலிவரை வரும் குழாய். மேலே தாங்கி நிரம்பி வழியும். கீழே பீலிக்கரையில் குடங்கள் வரிசையாகக் காத்துக் கிடக்கும். ஒரு சொட்டு வராது. குழாய் எங்கும் உடைந்திருக்காது. “காத்துப் புடிச்சிருச்சு” என்பார் மாமா. குழாய் ஒரு மேட்டில் ஏறி இறங்கும் இடத்தில், தண்ணீரோடு வந்த காற்று மேலே தங்கிவிடும். தங்கிய காற்று கூடக் கூட, அது தண்ணீரைத் தடுத்து நிறுத்திவிடும். மாமா குழாயோடு நடந்து, மேட்டில் காதை வைத்துக் கேட்டு, அந்த இடத்தில் ஒரு டீ இணைப்பைப் போட்டு, அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்றை மேலே தூக்கி நிறுத்தி, நுனியில் ஒரு வால்வு வைப்பார். வால்வைத் திறந்ததும் காற்று சீறி வெளியேறும். பின்னாலேயே தண்ணீர் வரும். பெரிய குழாய் போட்டால் தண்ணீர் வரும் என்று சொன்னவர்களோடு அவர் சண்டையே போட்டிருக்கிறார்.

காற்றின் கணக்கு மலையில் வேறு என்பதையும் அவரிடம்தான் தெரிந்துகொண்டேன், ஏட்டுக் கணக்கு தெரியாமலேயே. கடல் மட்டத்தில் காற்றழுத்தம் தண்ணீரை 10.3 மீற்றர் உயரத்துக்குத் தாங்கிப் பிடிக்கும். 1,270 மீற்றர் உயரத்தில் இருக்கும் ஹட்டனில் அது சுமார் 8.9 மீற்றர். நுவரெலியாவில் 8.2தான். ஒரு திட்டைத் தாண்டித் தண்ணீரை இழுத்துக்கொண்டு போகும் லைனை, கீழ்நாட்டு அளவை நம்பிப் போட்டால் அது இங்கே வேலை செய்யாது. அந்த எல்லைக்கு வெகு முன்பே தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று பிரிந்து வந்து உச்சியில் தங்கி, ஓட்டத்தை அறுத்துவிடும்.

சேர் வீட்டுத் தொட்டியின் மூலை அறையில் ஒண்ணேகால் இஞ்சிக் குழாய் ஒன்று வாய் திறந்தபடி நின்றது. தண்ணீர் அதன் விளிம்பைச் சுற்றிச் சுழன்று இறங்க, நடுவில் காற்று கூடவே இறங்கிக்கொண்டிருந்தது. நான் உள்ளங்கையைக் குழாய் வாய்க்கு மேலே, தொட்டும் தொடாமலும் கொண்டுபோனேன். கை உள்ளே இழுபட்டது. சத்தம் நின்றது. நாலைந்து விநாடி முழு அமைதி. அறையில் தண்ணீர் மட்டம் மளமளவென்று இறங்கியது, விரலிடுக்கு வழியே காற்று புகுந்தது, ‘குளுக்’. மறுபடி பழைய களகளப்பு.

அந்த நாலைந்து விநாடியில்தான் வழி இருந்தது. குழாய் முழுக்கத் தண்ணீர் நிறைந்து ஓடினால் சத்தமே கிடையாது. காற்றும் தண்ணீரும் ஒரே குழாயில் இடம் கேட்டு முட்டிக்கொள்ளும்போதுதான் களகளப்பு. நிறைந்து ஓடத் தொடங்கிய குழாய், வருகிற தண்ணீரைவிட அதிகமாக இழுத்துவிடும்; இழுத்து முடித்ததும் காற்றை விழுங்கும்; விழுங்கியதும் ஓட்டம் அறுந்து மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். குளியலறைக் கொமட்டில் தண்ணீர் அடித்து முடியும்போது கேட்கிற கடைசி மிடறு இதே காரியம்தான். ஆகவே செய்ய வேண்டியது இரண்டு. இழுவையைப் பம்பு ஏற்றும் அளவுக்குச் சரியாகக் கட்டுப்படுத்த வேண்டும். மீதித் தண்ணீருக்கும் காற்றுக்கும் தனியாக வேறொரு குழாய் கொடுக்க வேண்டும். உலகம் முழுவதும் கடல்மீன் வளர்ப்பவர்கள் இந்த ஏற்பாட்டை ஹெர்பி முறை என்கிறார்கள். மூன்று குழாய் வைத்துச் செய்தால் பீன் அனிமல் முறை. இரண்டுமே வளர்ப்பாளர்கள் யோசித்துக் கண்டுபிடித்தவை.

தொட்டியின் அடியில் இரண்டு துளைகள் ஏற்கெனவே இருந்தன. ஒன்று இறங்கும் தண்ணீருக்கு, ஒன்று பம்பிலிருந்து ஏறும் தண்ணீருக்கு. தண்ணீரோடு இருக்கிற கண்ணாடியில் புதிதாகத் துளை போடுவது நடக்காத காரியம். அதனால் ஏறும் குழாயைத் தொட்டியின் பின்பக்கமாக விளிம்புக்கு மேலே கொண்டுபோய்விட்டு, விடுபட்ட துளையை இரண்டாவது இறங்கு குழாயாக்கினேன். முதல் குழாயின் வாய் தண்ணீருக்குள் தாழ்ந்து நிற்கும். அதன் அடியில் ஒரு கேட் வால்வு. இரண்டாவது குழாய் அதைவிட உயரம். நிறைந்து ஓடும் ஓர் இஞ்சிக் குழாயே மணிக்கு 2,000 லீட்டரைத் தாராளமாகக் கொண்டுபோகும். சேரின் பம்பு ஏற்றுவது அதைவிடக் குறைவு.

வால்வுக்குத்தான் அலைந்தேன். ஹட்டன் கடைகளில் கேட் வால்வு என்றால் பித்தளைதான் எடுத்துக் கொடுப்பார்கள். உப்புத்தண்ணீரில் பித்தளை அரிக்கும்; அதிலிருந்து இறங்கும் செம்பு இறாலுக்கும் சங்குக்கும் நஞ்சு. பிளாஸ்டிக் பால் வால்வு கிடைத்தது. ஆனால் கால் சுற்றில் முழுக்கத் திறந்து மூடும் வால்வை வைத்துக்கொண்டு மயிரிழை அளவுக்குத் திருப்ப முடியாது. கடைசியில் பீவீசி கேட் வால்வு ஒன்று கொழும்பிலிருந்து பஸ்ஸில் பார்சலாக வந்தது.

இந்த வேலையை இரவில் செய்ய வேண்டும். பகலில் வாகனச் சத்தத்தில் எதுவும் காதில் விழாது. பம்பைப் போட்டுவிட்டு வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடினேன். ஒரு திருப்பு, காத்திருப்பு. மூலை அறையில் தண்ணீர் ஒரு விரற்கடை ஏறியது. இன்னொரு திருப்பு. கீழ்த்தொட்டியில் குழாய் வாயிலிருந்து வந்த குமிழிகள் பெரிதாகி, பிறகு பொடியாகி, இடைவெளி விட்டு வரத் தொடங்கின. கடைசிக் குமிழி வெளியேறியதும் சத்தம் அறுந்தது. அதற்கு மேலும் மிகச் சிறிதாக ஒரு திருப்பு. தண்ணீர் இரண்டாவது குழாயின் விளிம்பைத் தொட்டு, மெல்லிய தகடு மாதிரி அதன் உட்சுவரில் ஒட்டி இறங்கியது. அந்தச் சிறு வழிவு இருந்தால், மின்சாரம் கூடிக் குறைந்து பம்பின் வேகம் மாறினாலும் மட்டம் தானாகச் சரியாகிக்கொள்ளும். “தண்ணி ஓடுதா?” என்று சேர் பயந்துபோய்க் கேட்டார். அவருடைய கையைப் பிடித்துக் கீழே குழாய் வாயருகே வைத்துக் காட்டினேன்.

பின்னோட்டம் வராமல் தடுக்க அவர் ஏறும் குழாயில் ஒரு மடிப்பு வால்வு வைத்திருந்தார். பம்பை நிறுத்தும்போதெல்லாம் ‘டொக்’ என்று அடித்தது அதுதான். ஓடும் தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால் அதன் வேகம் முழுக்க அழுத்தமாக மாறும். ரஷ்ய விஞ்ஞானி சுக்கோவ்ஸ்கி 1890களின் கடைசியில் மொஸ்கோ நகரத்துத் தண்ணீர்க் குழாய்களில் அளந்து காட்டிய கணக்கு அது: உருக்குக் குழாயில் விநாடிக்கு ஒரு மீற்றர் வேகத்தில் ஓடும் தண்ணீர் திடீரென்று நின்றால், அழுத்தம் ஏறக்குறைய 12 பார் எகிறும். எங்கள் பக்கத்தில் நோர்ட்டன் பிரிட்ஜிலிருந்து லக்சபானவுக்கு மலைச்சரிவில் இறங்கும் பெருங்குழாய்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்கு நினைவுக்கு வரும். பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இலேயே எழுதி வைத்த நீர்மின் திட்டம். லக்சபானவில் மின்சாரம் எடுக்க 1950 ஆனது. அம்மாதிரி இடங்களில் எகிறும் தண்ணீர் மேலேறி மூச்சுவிட எழுச்சித் தாங்கி கட்டுவார்கள். வீட்டுத் தொட்டிக்கு அவ்வளவு தேவையில்லை. மடிப்பு வால்வைக் கழற்றிவிட்டாலே போதும். எப்படியும் உப்பும் பாசியும் பிடித்து ஒரு நாள் அது மூடாமல் போகும். பதிலுக்கு, ஏறும் குழாயின் வாயைத் தண்ணீர் மட்டத்துக்கு மிக அருகில் வைத்தால், பம்பு நின்றதும் கொஞ்சம் இறங்கியவுடன் காற்றுப் புகுந்து ஓட்டம் அறுந்துவிடும். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலத் தொட்டியில் ஓர் இஞ்சி இறங்கினால் 14 லீட்டர். அந்த 14 லீட்டருக்குக் கீழ்த்தொட்டியில் எப்போதும் இடம் இருக்க வேண்டும். அதைக் கீழ்த்தொட்டியின் சுவரில் கோடு போட்டுக் காட்டிவிட்டு வந்தேன்.

இங்கே ஒரு விஷயத்தில் நான் பிடிவாதமாக இருப்பேன். சத்தம் வேண்டாம் என்பதற்காகத் தொட்டியில் காற்றே கலக்காமல் செய்துவிடக் கூடாது. உப்புத்தண்ணீரில் ஒட்சிசன் குறைவாகத்தான் கரையும். 25 பாகையில் கடல் மட்டத்தில் லீட்டருக்குச் சுமார் 6.7 மில்லிகிராம். ஹட்டன் உயரத்தில் காற்றே மெலிந்திருப்பதால் அது 5.8க்கு இறங்கிவிடும். இதில் பம்பையும் இரவெல்லாம் நிறுத்தினால் மீன் மேலே வந்து வாயைத் திறக்காமல் என்ன செய்யும்? குழாய்க்குள் சண்டை போட்ட காற்றைத் தொட்டியின் மேற்பரப்பில் கலக்கவிட்டேன். ஏறும் குழாயின் வாயைச் சற்றே மேல்நோக்கித் திருப்பினால் தண்ணீர் மேலே தளும்பி அலையும். தெறிக்காது, சத்தமும் வராது. ஸ்கிம்மர் காற்றை இழுக்கும் ‘ஸ்ஸ்’ ஒலிக்கு, அதன் காற்றுக் குழாயை ஒரு மூடிய போத்தலுக்குள் விட்டு, போத்தலில் சற்றுப் பெரிய துளை ஒன்று போட்டேன். காற்று குறையவில்லை, சீறல் குறைந்தது.

மின்வெட்டையும் சேர்த்து யோசிக்காமல் இந்த நாட்டில் தொட்டி வைக்க முடியாது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டினார்களே, அப்போது மீன் வளர்த்தவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். மின்சாரம் திரும்ப வரும் நேரம் வீட்டில் யாரும் விழித்திருக்க மாட்டார்கள். குழாய் தானாகவே காற்றை வெளியே தள்ளிவிட்டு நிறைந்து ஓடத் தொடங்க வேண்டும். அதற்காகத்தான் இறங்கு குழாயின் நுனி கீழ்த்தொட்டித் தண்ணீருக்குள் ஓர் இஞ்சிக்கு மேல் முழுகக் கூடாது என்கிறேன். ஆழமாக முழுகினால் குழாயிலிருக்கும் காற்றால் அந்தத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வெளியே வர முடியாது. தோட்டத்து மேட்டில் நடந்த அதே கதைதான். புறப்படுமுன் மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டு, அணைத்துப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம்போல் குமுறிவிட்டுத் தானாக அடங்கியது.

ஒரே ஒரு சத்தத்தை மட்டும் வேண்டுமென்றே விட்டுவைத்தேன். இரண்டாவது குழாயின் அடிநுனியைத் தண்ணீருக்கு மேலே, ஒரு சாண் உயரத்தில் நிறுத்தினேன். சுவரோடு ஒட்டி இறங்கும் மெல்லிய வழிவுக்கு அது சத்தம் போடாது. முதல் குழாய் அடைத்துக்கொண்டால் முழுத் தண்ணீரும் இதற்குள் பாய்ந்து, மேலிருந்து கொட்டும், ஊரே எழும். சேருக்கு அது பிடிக்கவில்லை. “அதையும் அடக்கிருங்களேன் தம்பி” என்றார். நான் சம்மதிக்கவில்லை. சில மாதம் கழித்து நடுச்சாமத்தில் அது கொட்டியிருக்கிறது. கேட்டு எழுந்தது அந்த அம்மாதான். பாறையிலிருந்து பிய்ந்த பாசிக்கொத்து ஒன்று கேட் வால்வில் சிக்கியிருந்தது. வால்வை முழுக்கத் திறந்து பாசியைப் போகவிட்டு, நான் பெயிண்டால் புள்ளி வைத்திருந்த இடத்துக்கே திருப்பி மூடிவிட்டுப் படுத்திருக்கிறார்கள். இரண்டாவது குழாய் இல்லாமல் இருந்திருந்தால் அன்றைக்குத் தண்ணீர் அறைக்குள் ஓடியிருக்கும்.

நுவரெலியாவில் செய்த தொட்டி வேறு மாதிரி. ஒரே துளைதான் இருந்தது. அங்கே டர்சோ குழாய் வைத்தேன். அமெரிக்காவில் ரிச்சர்ட் டர்சோ என்ற மீன் வளர்ப்பாளரின் பெயரால் வழங்கும் ஏற்பாடு. நிற்கும் குழாயின் தலையில் டீ போட்டு, அதன் பக்கவாயை ஓர் எல்போவால் தண்ணீருக்குள் குனியவைத்து, உச்சி மூடியில் சின்னத் துளை ஒன்று. தண்ணீர் கீழிருந்து சத்தமில்லாமல் நுழையும். காற்று மேலே துளை வழியே தனக்கு வேண்டிய அளவு மட்டும் இறங்கும். துளை பெரிதானால் களகளக்கும், சிறிதானால் விழுங்கத் தொடங்கும். மெல்லிய காற்றுக் குழாயும் சிறு திருகும் வைத்தால் துளையின் அளவைக் கையால் சரிசெய்யலாம். ஆனால் கடல்தண்ணீர் துளையோரத்தில் தெறித்து, காய்ந்து, உப்புப் பூத்துவிடும். வெள்ளையாக ஒரு பொருக்கு. முதலில் ஊசிமுனை அளவு, பிறகு துளையையே மூடும். அப்போது ‘குளுக்’ திரும்பி வரும். வெந்நீரில் நனைத்த துணியால் ஒரு தடவை துடைத்தால் போதும். வேலை கெட்டுவிட்டதென்று குழாயை அறுத்துப் பார்க்கத் தேவையில்லை.

அந்த வீடு பழைய பலகைத் தரை பங்களா. குழாய்ச் சத்தம் நின்ற பிறகுதான் பம்பின் உறுமல் தெரிந்தது. தரை முழுக்க அதைத் தூக்கிப் பெரிதாக்கியது. பம்புக்கும் பீவீசிக்கும் நடுவில் ஒரு முழம் மிருதுவான சிலிக்கோன் குழாய், பம்புக்கு அடியில் தடித்த ரப்பர், சுவர்த் துளையில் குழாயைச் சுற்றி ஸ்பொஞ்சு. குழாய் மரத்தைத் தொடும் இடம் ஒன்றுகூட இருக்கக் கூடாது. அலுமாரிக் கதவுக்கு உள்ளே மெத்தை ஒட்டச் சொல்கிறவர்கள் உண்டு. அது ஈரத்தைத்தான் சேர்க்கும்.

கடல்தொட்டி வைக்கும் வீடு எங்கள் பக்கத்தில் எண்ணி எடுக்கக்கூடியது. நான் இதை இவ்வளவு எழுதுவதற்குக் காரணம், தோட்டங்களில் லயத்தை விட்டுத் தனி வீடுகளுக்குப் போகும் எங்கள் ஆட்கள். புது வீட்டுக் கொமட்டில் தண்ணீர் அடித்தால் பக்கத்துப் பேசின் ‘குளுக்’ என்கிறது. ராத்திரியில் நாற்றம் வருகிறது. நல்ல வீட்டில் ஏன் இப்படி என்று என்னைக் கூப்பிடுகிறார்கள். போய்ப் பார்த்தால் கழிவுக் குழாய்க்குக் காற்றுக் குழாய் வைத்திருக்க மாட்டார்கள். இறங்கும் தண்ணீர் காற்றுக்காகப் பேசினின் வளைகுழாயில் நிற்கும் தண்ணீரை உறிஞ்சிவிடுகிறது. நாற்றத்தைத் தடுக்க நின்ற தண்ணீர் அதுதான். அதை உறிஞ்சும் சத்தத்தைத்தான் அவர்கள் கேட்கிறார்கள். கழிவுக் குழாயில் ஒரு டீ, அதிலிருந்து கூரைக்கு மேலே போகும்படி ஒரு குழாய், உச்சியில் ஒரு வலைமூடி. அரை நாள் வேலை. வீடு கட்டும்போதே வைத்துவிட்டால் அந்த அரை நாளும் வேண்டாம்.